காவலை விலக்கிய அரசி

கியூபாவின் தலைநகரான அவானாவில் 1888ஆம் ஆண்டு நவம்பர் 19ஆம் நாள் ஓசே ரவுல் கபபிளாங்கா பிறந்தார். படை அலுவலரான தந்தையார் சதுரங்கம் ஆடுவதை அருகிலிருந்து பார்த்தே நான்கு வயதில் ஆட்டத்தைக் கற்றுக்கொண்டார். தந்தையார் குதிரையைத் தவறாக நகர்த்தியதைச் சுட்டிக்காட்டிய சிறுவர், அவரோடு ஆடி வென்றார் என்பர்.

1911இல் ஸ்பெயினின் சான் செபாஸ்டியன் நகரில் பெரும்போட்டி ஒன்று நடந்தது. வல்லுநர் போட்டிகளில் போதிய பரிசு பெறாத இளைஞரைச் சேர்ப்பது முறையன்று என ஒசிப் பெர்ன்ஸ்டைன் மறுத்தார். முதற்சுற்றில் அவரையே எதிர்கொண்டு வென்ற கபபிளாங்கா, போட்டியிலும் முதலிடம் பெற்றார்.

1914இல் இருவரும் மாஸ்கோவில் மீண்டும் ஆடினர். கபபிளாங்காவின் கறுப்புச் சிப்பாய் ஒன்று வெள்ளை அணியின் எல்லைக்குள் வெகுதூரம் முன்னேறியிருந்தது. அதனைப் பெர்ன்ஸ்டைன் வெட்டினார். இப்போது இருவரிடமும் சிப்பாய்களைத் தவிர அரசியும் ஒரு யானையுமே எஞ்சின. வெள்ளை அரசன் தன் சிப்பாய்களுக்குப் பின்னே, கடைசி வரிசையில் அடைபட்டிருந்தான். கறுப்பு யானை அவ்வரிசையை அடைந்தால் அவன் தப்ப வழியில்லை. வெள்ளை அரசி ஒன்றே அவ்வழியைக் காத்து நின்றது. உடனே அரசியால் செக் வைப்பதே எவர்க்கும் முதலில் தோன்றும். அவ்வாறு செய்தால் வெள்ளை அரசி பின்வாங்கி அரசனுக்கு அரணாகிவிடும்.

கபபிளாங்கா செக் வைக்கவில்லை. தம் அரசியைத் துணை ஏதுமின்றி வெள்ளை அரசிக்கு எதிரே கொண்டு நிறுத்தினார். அது ஒரே வேளையில் வெள்ளை அரசியையும் யானையையும் தாக்கியது. மிகுந்த வலிமையுடைய காயை இப்படி வெட்டுக்கு வைக்க யாருக்கும் கை தயங்கும். ஆயினும் அதனை வெட்டினால் வெள்ளை அரசி காவலிடத்தை விட்டு விலகும். கறுப்பு யானை இறங்கி ஆட்டத்தை முடித்துவிடும். வெட்டாமல் கடைசி வரிசைக்குப் பின்வாங்கினால், கறுப்பு அரசி யானையை வெட்டும். பதிலுக்கு வெட்டப் போனால் அப்போதும் காவல் போய்விடும். எப்பக்கமும் வழியின்றிப் பெர்ன்ஸ்டைன் தோல்வியை ஏற்றுக்கொண்டார்.

1921இல் அவானாவில் லாஸ்கரை வென்று கபபிளாங்கா உலக வாகையர் ஆனார். 1916 முதல் 1924 வரை, எட்டு ஆண்டுகள், போட்டி ஆட்டம் ஒன்றிலும் தோற்கவில்லை. 1927இல் புவனோஸ் அயர்ஸில் அலெகினிடம் பட்டத்தை இழந்தார். அதனை மீட்க மறு போட்டி வேண்டிப் பல ஆண்டுகள் முயன்றும் அது கைகூடவில்லை. 1942ஆம் ஆண்டு மார்ச் 7ஆம் நாள், நியூயார்க்கின் மன்காட்டன் சதுரங்கக் கழகத்தில் பிறர் ஆடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது மயங்கி விழுந்தார், மறுநாள் காலமானார்.