ஹாரி மார்ஷல் வார்டு

ஹாரி மார்ஷல் வார்டு (மார்ச் 21, 1854 – ஆகஸ்ட் 26, 1906) ஓர் ஆங்கிலேயத் தாவரவியலாளர் ஆவார். இலங்கையின் காப்பித் தோட்டங்களை அழித்த இலைத்துரு நோயை நுண்ணோக்கியால் ஆராய்ந்து, அது பரவும் முறையை விளக்கியமைக்காக இவர் அறியப்படுகிறார். பயிர்நோயியல் தனித் துறையாக வளர வழிவகுத்தவர்களுள் ஒருவர்.

கல்வி

இங்கிலாந்தின் எரிஃபோர்ட் நகரில் பிறந்தார். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் கிறைஸ்ட் கல்லூரியில் இயற்கை அறிவியல் பயின்று, 1879 இல் முதல் வகுப்பில் தேறினார்.

காப்பி இலைத்துரு நோய்

1869 இல் இலங்கையில் காப்பி இலைகளின் அடிப்பகுதியில் செம்மஞ்சள் நிறப் பொடி தோன்றியது. இலைகள் உதிர்ந்து விளைச்சல் குறைந்தது. இதற்குக் காரணமான பூஞ்சைக்கு அதே ஆண்டில் ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ் எனப் பெயரிடப்பட்டது. ஆயினும் அது எவ்வாறு பரவுகிறது என்பது விளங்கவில்லை. தோட்ட உரிமையாளர்களின் முதலீடும், தமிழகத்திலிருந்து சென்று அங்கு உழைத்த தொழிலாளர்களின் பிழைப்பும் இதனால் கேள்விக்குறியாயின.

1880 இல் அரசின் பூஞ்சையியலாளராக வார்டு இலங்கைக்கு அனுப்பப்பட்டார். அங்கு அவர் இரண்டு ஆண்டுகள் ஆய்வு செய்தார். கிளிசரின் பூசிய கண்ணாடித் தகடுகளைத் தோட்டங்களில் வைத்து, காற்றில் மிதந்து வரும் பூஞ்சை வித்திகளைப் பிடித்தார். அவ்வித்திகள் இலையின் மேலுள்ள நீர்த்துளியில் முளைத்து, இலைத்துளைகளின் வழியே உள்நுழைவதை நுண்ணோக்கியில் கண்டார். நலமான இலைகளில் வித்திகளை இட்டு, நோயைத் தோற்றுவித்தும் காட்டினார்.

நோய் காற்றாலும் மழையாலும் பரவுகிறது என்பதும், இடைவெளியின்றி ஒரே பயிரை மலைமலையாகப் பயிரிட்டதே பேரழிவுக்கு இடமளித்தது என்பதும் இவரது முடிவுகளாகும். உள்ளே புகுந்த பூஞ்சையை இலைக்குக் கேடின்றி அழிக்க இயலாததால், உடனடித் தீர்வை அவரால் அளிக்க முடியவில்லை. தோட்ட உரிமையாளர்கள் ஏமாற்றமடைந்தனர். இலங்கையில் காப்பி வீழ்ந்து, தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது.

மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்த போர்டோ கலவை 1885 இல் பிரான்சில் பூஞ்சைக்கொல்லியாக அறிமுகமானது. வித்தி முளைக்கும் முன்பே இலையைக் காக்கும் மருந்து அது. வார்டு விளக்கிய தொற்று முறையைக் கொண்டு பார்த்தால், அது செயற்படும் விதம் எளிதில் புரியும்.

பிற்கால வாழ்க்கை

1885 இல் கூப்பர்ஸ் ஹில் கல்லூரியில் பேராசிரியரானார். 1888 இல் அரச கழகத்தின் உறுப்பினரானார். 1893 இல் அக்கழகத்தின் அரச பதக்கம் பெற்றார். 1895 முதல் இறக்கும் வரை கேம்பிரிட்ஜில் தாவரவியல் பேராசிரியராகப் பணியாற்றினார். தாவர ஆய்வுப் பயணி பிராங்க் கிங்டன்-வார்டு இவரது மகன் ஆவார்.

தென்னிந்தியாவில்

இலைத்துரு நோய் தென்னிந்தியாவையும் தாக்கியது. கோயம்புத்தூர் மாவட்டம் வால்பாறையிலும் முதலில் காப்பியே பயிரிடப்பட்டது. 1890களில் தேயிலை பரவியது. 1946 இல் தென்னிந்தியத் தேயிலையைக் கொப்புள நோய் தாக்கியது. இதுவும் காற்றில் பரவி, ஈரத்தில் முளைக்கும் பூஞ்சையால் வருவதே. இதனைக் கட்டுப்படுத்தத் தாமிரம் கலந்த மருந்துகள் மழைக்காலத்தில் தெளிக்கப்படுகின்றன. வால்பாறையிலுள்ள உபாசி தேயிலை ஆராய்ச்சி நிறுவனம் இத்தகைய நோய்களையும் பூச்சிகளையும் ஆராய்கிறது.