சுகுமார் சென்

1947ஆம் ஆண்டு நம் நாடு விடுதலை பெற்றது. அதன்பின் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பு, 21 வயது நிரம்பிய குடிமக்கள் அனைவருக்கும் வாக்குரிமை அளித்தது. ஏழை, செல்வர், ஆண், பெண் என்ற வேறுபாடு அதில் இல்லை. அவ்வுரிமையை நடைமுறைப்படுத்தும் பொறுப்பு சுகுமார் சென்னை வந்தடைந்தது.

வங்காளியரான சென், கணிதத்தில் சிறந்த மாணவர். கல்கத்தாவிலும் லண்டனிலும் பயின்று, இந்தியக் குடிமைப் பணியில் சேர்ந்தார். மேற்கு வங்கத் தலைமைச் செயலாளராக விளங்கிய அவர், 1950ஆம் ஆண்டு மார்ச் 21 அன்று நாட்டின் முதல் தலைமைத் தேர்தல் ஆணையரானார்.

தேர்தலுக்கு அடிப்படை வாக்காளர் பட்டியல். அதில் பெயர் உள்ளவரே வாக்களிக்க இயலும். பட்டியல் தயாரிக்க வீடு வீடாகச் சென்ற பணியாளர்களிடம், வட இந்தியப் பகுதிகள் சிலவற்றில் பெண்கள் பலர் தம் பெயரைக் கூறவில்லை. இன்னாரின் மனைவி, இன்னாரின் தாய் என்றே கூறினர். அயலாரிடம் பெயர் சொல்வது அன்றைய வழக்கமன்று. சொந்தப் பெயரைக் கேட்டுப் பதியுமாறு சென் பணித்தார். அவ்வாறு பதியாத ஏறத்தாழ 28 இலட்சம் பெண்கள் பட்டியலில் இடம்பெறவில்லை. கண்டனங்கள் எழுந்தன. ஆயினும் சென் தம் முடிவினின்று மாறவில்லை. இவ்விழப்பே அடுத்த தேர்தலுக்குள் அவ்வழக்கத்தை மாற்றும் என அவர் நம்பினார்.

வாக்காளர் 17 கோடிக்கும் மேற்பட்டோர். அவர்களுள் பெரும்பாலோர் எழுதப் படிக்க அறியாதவர். எனவே வேட்பாளர்களுக்குச் சின்னங்கள் ஒதுக்கப்பட்டன. ஒவ்வொரு வேட்பாளருக்கும் அவருடைய சின்னம் ஒட்டிய தனிப்பெட்டி வைக்கப்பட்டது. வாக்காளர் தாம் விரும்பியவரின் பெட்டியில் வாக்குச்சீட்டை மறைவாக இட்டார். ஒருவரே இருமுறை வாக்களிப்பதைத் தடுக்க, விரலில் அழியா மை இடப்பட்டது.

1951ஆம் ஆண்டு அக்டோபர் 25 அன்று வாக்குப்பதிவு தொடங்கியது. பனி வழியை மூடுமுன், இமாசலப் பிரதேச மலைவாழ் மக்கள் முதலில் வாக்களித்தனர். பிற மாநிலங்களிலும் படிப்படியாக நடைபெற்ற வாக்குப்பதிவு, 1952 பிப்ரவரியில் நிறைவுற்றது. மக்கள் தேர்ந்தெடுத்த 489 உறுப்பினர்களைக் கொண்டு முதல் மக்களவை அமைந்தது.

1953ஆம் ஆண்டு சூடான் நாட்டின் முதல் தேர்தலையும் சென் முன்னின்று நடத்தினார். 1954இல் அவருக்குப் பத்மபூஷண் விருது வழங்கப்பட்டது. 1957ஆம் ஆண்டின் இரண்டாம் பொதுத்தேர்தலையும் நடத்தி முடித்து, 1958இல் ஓய்வு பெற்றார்.

பட்டியலில் ஒரு பெயர். அப்பெயருக்கு ஒரு வாக்கு. பிரதமரின் வாக்கும் உழவரின் வாக்கும் எண்ணும்போது ஒன்றே. இன்று பெண்கள் எவருடைய மனைவியாகவோ தாயாகவோ அன்றித் தம் சொந்தப் பெயரால் வாக்களிக்கின்றனர். அதற்கு வழிகோலியோருள் சுகுமார் சென்னும் ஒருவர்.