‘ரெசிடென்ட்’ டாக்டர்: ஆஸ்பத்திரியில் குடியிருக்க வைத்தவர் யார்?

எம்.டி., எம்.எஸ். படித்துக்கொண்டே வார்டில் வேலை பார்ப்பவர்களை ‘ரெசிடென்ட்’ என்கிறோம். அதாவது, குடியிருப்பவர். ஒரு டாக்டர் ஏன் ஆஸ்பத்திரியில் குடியிருக்கணும்? பதில் தேடினால், வில்லியம் ஸ்டூவர்ட் ஹால்ஸ்டெட்டிடம் போய் நிற்போம்.

யார் இவர்?

1852-ல் நியூயார்க்கில் வசதியான குடும்பத்தில் பிறந்தவர். 1877-ல் டாக்டரானார். அடுத்து ஐரோப்பா போனார். ஜெர்மனி, ஆஸ்திரியாவில் இளம் டாக்டர்கள் ஒரே பேராசிரியரிடம் பல ஆண்டுகள் இருந்து அறுவை சிகிச்சை கற்பதைப் பார்த்தார். அமெரிக்காவில் அப்போது அப்படியொரு முறையான பயிற்சி கிடையாது.

போதையில் சிக்கியது எப்படி?

கொகைன் உடம்பை மரத்துப்போகச் செய்யும் என்பது 1884-ல் தெரியவந்தது. ஹால்ஸ்டெட்டும் சகாக்களும் தங்களுக்கே ஊசி போட்டுச் சோதித்தார்கள். நரம்பை மட்டும் மரக்கவைக்கும் முறை கிடைத்தது. கூடவே போதைப் பழக்கமும் வந்தது. அதிலிருந்து மீளப்போய் மார்ஃபினில் சிக்கினார். நண்பர் வில்லியம் வெல்ச்தான் அவரை பால்டிமோருக்கு அழைத்துவந்தார். அங்கே 1889-ல் திறந்த ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் தலைமை அறுவை சிகிச்சை நிபுணரானார்.

என்ன மாற்றினார்?

ஐரோப்பாவில் பார்த்ததை இங்கே கொண்டுவந்தார். புதிதாக வருபவர் கீழ்ப்படியில் தொடங்குவார். அனுபவம் கூடக் கூடப் பொறுப்பும் கூடும். கடைசியில் ஒரே ஒருவர் தலைமை ரெசிடென்ட் ஆவார். இதற்குச் சுமார் 8 ஆண்டுகள் ஆகும்.

பிளஸ் என்ன?

வேடிக்கை பார்த்துக் கற்பது போய், கத்தியைக் கையில் பிடித்துக் கற்பது வந்தது. நரம்பியல் அறுவை சிகிச்சையின் முன்னோடிகளான ஹார்வி குஷிங், வால்டர் டான்டி இருவரும் இங்கே பயிற்சி பெற்றவர்கள்தான்.

மைனஸ்?

ஆஸ்பத்திரியே வீடு. கல்யாணம் பண்ணிக்கொள்வதைக்கூட ஊக்குவிக்கவில்லை. எப்போது முடியும் என்ற கெடு இல்லை. உச்சிக்கு ஒருவர்தான் போகலாம், மற்றவர்கள் பாதியில் கிளம்பணும். மாதக்கணக்கில் ஹால்ஸ்டெட் ஊரில் இல்லாதபோதும் வார்டை நடத்தியது இந்த ரெசிடென்ட்கள்தான்.

கொகைன் வேகத்தில்தான் அவர் மற்றவர்களையும் தூங்கவிடாமல் வேலை வாங்கினார் என்று ஒரு கதை இணையத்தில் சுற்றுகிறது. அது பாதி உண்மைகூட இல்லை. திட்டத்தின் வேர் ஐரோப்பாவில் இருக்கிறது.

பிறகு என்ன ஆனது?

1984-ல் நியூயார்க் மருத்துவமனை ஒன்றில் 18 வயதுப் பெண் இறந்தார். ரெசிடென்ட்களின் நீண்ட டியூட்டி பற்றிப் பெரும் விவாதம் கிளம்பியது. 2003-ல் அமெரிக்கா முழுக்க வாரத்துக்கு 80 மணி நேரம் என்ற வரம்பு வந்தது. வேலை நேரம் குறைந்தால் கைப்பழக்கமும் குறையுமோ என்ற வாதம் இன்னும் ஓயவில்லை.

1922-ல் ஹால்ஸ்டெட்டின் பித்தநாளத்தில் கல். அறுவை சிகிச்சைக்கு அவர் நம்பியது தன் பழைய ரெசிடென்ட்களைத்தான். அவர்கள் வெளியூரிலிருந்து வந்து செய்தார்கள். ஆனால், அதன்பிறகு வந்த நிமோனியா அவர் உயிரைப் பறித்தது.

படிப்படியாகப் பொறுப்பைக் கொடுப்பது அவர் விட்டுச்சென்ற சொத்து. தூக்கமில்லாத இரவுகளையும் அதோடு சேர்த்தே வாங்கிக்கொள்ள வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. பி.ஜி. சீட் தேர்வு செய்யும்போது, மருத்துவமனையின் பெயரோடு இதையும் விசாரியுங்கள்: அங்கே யார் கற்றுக்கொடுக்கிறார்கள், எப்போது தூங்க விடுகிறார்கள்?