பக்ஷி சாஸ்திரி ஸலீம் அலி

உள்ளானை நம் பக்கத்தில் அறியாதார் இல்லை. மழை பெய்து பாலாற்றை அடுத்த ஏரிகள் நிரம்பும் வருஷங்களில், கார்த்திகை மார்கழியில் கரைச் சேற்றைக் குத்திக்கொண்டு திரியும் சிறு பட்சி அது. அது எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்பதை ஊகமாயன்றி அத்தாட்சியோடு சொல்லும் முறையை இந்நாட்டில் வேரூன்றச் செய்தவர் ஸலீம் அலி.

1896-ஆம் வருஷம் பம்பாயில் பிறந்தார். குழந்தைப் பிராயத்திலேயே தாய் தந்தையரை இழந்து, மாமன் வீட்டில் வளர்ந்தார். காந்தியடிகள் 1930-இல் சிறைப்பட்டதும் உப்பு சத்தியாக்கிரகத்துக்குத் தலைமை ஏற்ற அப்பாஸ் தயாப்ஜியும் அந்தக் குடும்பத்தவரே. சர்வகலாசாலைப் பட்டம் இல்லாததால் சர்க்காரின் பிராணி ஆராய்ச்சி இலாகாவில் இவருக்கு உத்தியோகம் கிடைக்கவில்லை. பட்டத்தைக் கண்டு ஆளைக் காணாத அவ்வழக்கம் வெள்ளையரோடு போய்விட்டதாக நாம் எண்ணவில்லை. பின்பு ஜெர்மனி சென்று ஸ்ட்ரெஸெமான் என்னும் பேரறிஞரிடம் பயின்றார். வளையமிடும் முறையையும் அங்கே கண்டறிந்தார். திரும்பி வந்தபோது இருந்த வேலையும் போயிருந்தது. கீஹிம் என்னும் கடற்கரைக் கிராமத்தில் குடியிருந்து தூக்கணாங்குருவியை ஆராய்ந்தார். அந்த ஆராய்ச்சியே இவருக்குப் பெயர் தந்தது.

1957-இல் மைசூர் ராஜ்யத்துக் கியாசனூர்க் காட்டில் ஒரு விஷக் காய்ச்சல் தோன்றிற்று. வலசைப் பறவைகள் மேலுள்ள உண்ணிகள் வடக்கேயிருந்து அதைக் கொண்டுவந்தனவோ என்ற ஐயம் எழவே, உலக சுகாதார ஸ்தாபனம் பொருளுதவி செய்தது. பின்னர் அமெரிக்க ராணுவத்தின் பணமும் வந்தது. அந்தப் பணத்தைப் பற்றி 1970-களில் எழுந்த கேள்விகளை நாம் தவறென்று கூறோம். நம் பணம் முன்வந்திருந்தால் அக்கேள்விக்கே இடமிராது.

அந்த வேலைக்குத் தமிழ்நாட்டில் முக்கிய நிலையமாய் அமைந்தது வேதாரண்யத்தை அடுத்த கோடியக்கரை. பீகாரிலிருந்து வந்த மீர்ஷிகார்கள் பரம்பரைத் தொழில் நுட்பத்தால் பட்சிகளைக் காயமின்றிப் பிடித்துக் கொடுத்தார்கள். எண் பொறித்த உலோக வளையம் காலில் மாட்டிப் பறக்கவிடப்பட்டது. பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்துக்குத் தெரிவிக்கும்படி வளையத்திலேயே பொறித்திருக்கும். இவ்விதம் வளையமிட்ட வளைமூக்கு உள்ளான்கள் ஸைபீரியாவில் அகப்பட்டன.

ஆனால் அந்த எண்ணைப் படிக்கப் பறவை மறுபடி கையில் சிக்கவேண்டும். பெரும்பாலும் செத்தே சிக்கும். பிற்காலத்தில் வந்த வர்ண வளையமும் வர்ணக் கொடித் தகடும் இக்குறையை நீக்கின. இன்ன நிறச் சேர்க்கை இன்ன கரைக்கு என்று தேசங்கள் தமக்குள் பங்கிட்டுக்கொண்டமையால், தூரதிருஷ்டிக் கண்ணாடி வைத்திருக்கும் எவரும், பறவையைத் தொடாமலே அதற்கு வளையமிட்ட கரையை அறியலாம்.

தில்லன் ரிப்ளியுடன் சேர்ந்து பத்து வால்யூம்களில் பாரதப் பறவைகளின் பெருநூலை இயற்றிய ஸலீம் அலி, 1987-இல் தொண்ணூறு வயது கடந்து காலமானார். ஏரிச் சேற்றில் புழுபூச்சி இருந்தால்தான் உள்ளான் இறங்கும். பாலாற்றில் கலந்த தோல் சாலைக் கழிவைப் பற்றி 1996-இல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்புக் கூறியபோது, ஸலீம் அலி இறந்து ஒன்பது வருஷங்கள் ஆகியிருந்தன.