வயரே இல்லாம ஓடிய ரேசர்: ஜி.டி.நாயுடு அன்றே போட்ட பாட்டரி கணக்கு!

பாவூர்சத்திரத்தில் புது வீடு கட்டுற இடத்துக்குப் போனா, பால்ஸ் சீலிங் போடுறவர், கிச்சன் கப்போர்டு மாட்டுறவர், ஜன்னலுக்குக் கொசுவலை அடிக்கிறவர் என்று யாராவது ஒருத்தர் கையில் பாட்டரி டிரில்லைப் பார்க்கலாம். பிளக் பாயின்ட் தேட வேண்டாம், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இழுக்க வேண்டாம். வேலை சுலபம்தான். ஆனா தலைக்கு மேல கையைத் தூக்கி நாள் முழுக்க ஸ்க்ரூ அடிச்சா, சாயங்காலம் தோள்பட்டை கழண்டு விழுற மாதிரி இருக்கும். அந்த வலியில் நல்ல பங்கு, மிஷினுக்கு அடியில் மாட்டியிருக்கும் பாட்டரிக்குத்தான்.

அந்த பாட்டரியின் எடையையும் பருமனையும் எப்படிக் குறைப்பது? பவர் டூல் கம்பெனிகள் எல்லாம் இன்றுவரை தலையைப் பிய்த்துக்கொள்ளும் கேள்வி இது. கிட்டத்தட்ட 90 வருடங்களுக்கு முன்பே, கையில் பிடித்து முகத்தில் ஓட்டும் ஒரு கருவிக்காக இதே கேள்வியை எதிர்கொண்டவர் ஒரு தமிழ்நாட்டுக்காரர். அவர்தான் ஜி.டி.நாயுடு.

யார் இந்த ஜி.டி.நாயுடு?

கோபால்சாமி துரைசாமி நாயுடு, கோவைக்கு அருகே உள்ள கலங்கல் கிராமத்தில் 1893 மார்ச் 23-ம் தேதி பிறந்தார். பள்ளிக்கூடம் அவருக்கு ஒத்துவரவில்லை. ஆரம்பக் கல்வியோடு படிப்பு நின்றுபோனது.

வாலிப வயதில் ஒரு நாள், ஆங்கிலேய அதிகாரி ஒருவர் ரட்ஜ் மோட்டார் சைக்கிளில் ஊர்ப்பக்கம் வந்ததைப் பார்த்தார். மாடும் இல்லை, குதிரையும் இல்லை, வண்டி மட்டும் ஓடுது. அது எப்படி என்று தெரிஞ்சே ஆகணும் என்ற ஆசை பிடித்துக்கொண்டது. கோவைக்குப் போனார். ஹோட்டலில் சர்வர் வேலை பார்த்துக் காசு சேர்த்தார். 300 ரூபாய் கொடுத்து அதே வண்டியை வாங்கினார்.

வாங்கியதும் அவர் ஊர் சுற்றப் போகவில்லை. வண்டியை மொத்தமாகக் கழற்றிப் போட்டு, ஒவ்வொரு பாகமும் எதுக்கு இருக்குன்னு பார்த்து, மறுபடி பூட்டினார். அவருடைய இன்ஜினீயரிங் படிப்பு அதுதான். கடைசி வரை அவர் கற்றுக்கொண்ட முறையும் அதுதான்.

1920-ல் ஒரே ஒரு பஸ்ஸோடு பொள்ளாச்சி-பழனி வழித்தடத்தில் தொழிலைத் தொடங்கினார். அது யு.எம்.எஸ். என்ற பெரிய போக்குவரத்து நிறுவனமாக வளர்ந்தது. பஸ் தொழிலில் சம்பாதித்த பணம் ஒர்க்‌ஷாப், ஐரோப்பியப் பயணங்கள், புதுப்புது கருவிகள் என்று போனது. 1937-ல் டி.பாலசுந்தரம் நாயுடுவோடு சேர்ந்து, இந்தியாவிலேயே உருவான முதல் எலெக்ட்ரிக் மோட்டாரைக் கோவை பீளமேட்டில் கொண்டுவந்தார்.

ரேசருக்குள் இருந்த சவால்

எலெக்ட்ரிக் ஷேவர் அப்போ உலகத்துக்கே புதுசு. அமெரிக்காவில் ஜேக்கப் ஷிக் 1931-ல்தான் தன் ஷேவரை விற்பனைக்குக் கொண்டுவந்தார். அதற்கு வயர் உண்டு, சுவரில் பிளக் வேணும். நம்ம ஊர் கிராமங்களுக்கு அப்போ கரன்ட்டே வரவில்லை. பிளக்குக்கு எங்கே போவது?

ஐரோப்பா போய்த் திரும்பிய நாயுடு செய்த 'ரேஸன்ட்' ரேசர், டிரை செல்லில் ஓடியது. அதாவது டார்ச்லைட்டில் போடுகிற மாதிரியான செல். உள்ளே ஒரு குட்டி மோட்டார். அவ்ளோதான்.

கேட்க சாதாரணமாக இருக்கலாம். இதில் உள்ள சிக்கலைப் பார்த்தால் விஷயம் புரியும். அந்தக் காலத்து டிரை செல் ஒன்று தரும் அழுத்தம் 1.5 வோல்ட். அதிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கரன்ட் எடுத்தால் நாள்கணக்கில் தாங்கும். ஒரேயடியாக உறிஞ்சினால் உடனே தளர்ந்து, மோட்டார் திணறி நின்றுவிடும். மோட்டாருக்குப் பசி அதிகம்னா செல்லை ஒண்ணுமேல ஒண்ணா அடுக்க வேண்டியதுதான். அப்படி அடுக்கினால் ரேசரை யாரும் கையில் பிடிக்க முடியாது.

செல்லை இஷ்டத்துக்கு மாற்றவும் வழியில்லை. அதன் ரசாயனம் யார் கைக்கும் எளிதில் அடங்காத விஷயம். மீதி இருப்பது மோட்டார் மட்டும்தான். கொஞ்சம் கரன்ட்டில் நிறைய வேலை செய்கிற சின்ன மோட்டார் கிடைத்தால், பாட்டரி தானாகவே சிறுசாகும். நாயுடுவின் ரேசர் இந்தக் கணக்கில் ஓடியது.

நிலவுக்குப் போன டிரில்லும் அதே கணக்குதான்

நாயுடுவுக்குப் பல வருடம் கழித்து, 1961-ல் பிளாக் அண்ட் டெக்கர் கம்பெனி முதல் கார்ட்லெஸ் டிரில்லைக் கொண்டுவந்தது. அதில் இருந்தது நிக்கல்-காட்மியம் பாட்டரி. வயர் இல்லை என்பது சரி, ஆனா பலமும் கம்மிதான்.

அதே கம்பெனிக்கு அப்போலோ திட்டத்தில் ஒரு வேலை வந்தது. நிலவின் தரைக்குள் சுமார் 3 மீட்டர் வரை இறங்கி மாதிரி எடுக்க டிரில் வேணும். அங்கே பிளக் கிடையாது, ராக்கெட்டில் ஏற்றும் ஒவ்வொரு கிராமுக்கும் கணக்கு உண்டு. அவர்கள் செய்தது என்ன தெரியுமா? குறைந்த மின்சாரத்தில் ஓடும்படி மோட்டாரின் வடிவமைப்பைக் கம்ப்யூட்டர் புரோகிராம் வைத்துச் செதுக்கினார்கள். 1971-ல் அப்போலோ 15 பயணத்தில் அந்த மாதிரி டிரில் நிலவில் இறங்கியது.

இன்றைய கடைகளில் 'பிரஷ்லெஸ்' என்று எழுதி விற்கும் மிஷின்களும் இதே வழியில் வந்தவைதான். பழைய மோட்டாரில் கார்பன் பிரஷ் உரசி உரசியே கரன்ட்டில் ஒரு பங்கு சூடாக வீணாகும். கார்பன் தேஞ்சு போச்சுன்னு மெக்கானிக்கிட்ட ஓடுறதும் அதனாலதான். பிரஷ்லெஸ்ஸில் அந்த உரசலே இல்லை. அதனால் அதே வேலைக்குச் சின்ன பாட்டரி போதும்.

15 செல்லுக்குப் பதில் 5 செல்

செல்லின் ரசாயனமும் பிறகு மாறியது. ஒரு நிக்கல்-காட்மியம் செல் தருவது 1.2 வோல்ட். 18 வோல்ட் டிரில்லுக்கு 15 செல்லை வரிசையாகக் கோர்க்கணும். செல் எடை மட்டுமே முக்கால் கிலோவைத் தொடும்.

1991-ல் சோனி நிறுவனம் லித்தியம்-அயன் பாட்டரியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 2005 வாக்கில் அது பவர் டூல்களுக்குள் நுழைந்தது. ஒரு லித்தியம்-அயன் செல் சுமார் 3.6 வோல்ட் தரும். அதே 18 வோல்ட்டுக்கு 5 செல் போதும். 18 மில்லிமீட்டர் விட்டமும் 65 மில்லிமீட்டர் நீளமும் கொண்ட ஒரு செல், சுமார் 45 கிராம் எடை இருக்கும். ஐந்தும் சேர்ந்தால் கால் கிலோகூட வராது. உருளை செல்களுக்கு இடையே வீணாகும் இடத்தையும் மிச்சம் பிடிக்க, சப்பையான பவுச் செல்களை அடுக்கிய பாட்டரிகளும் இப்போ வந்துவிட்டன.

அப்புறம் ஏன் எல்லாம் இங்கே உருவாகவில்லை?

நாயுடுவின் வாழ்க்கையில் மனசைச் சங்கடப்படுத்தும் பகுதி இதுதான். மெல்லிய ஷேவிங் பிளேடு, மண்ணெண்ணெயில் ஓடும் ஃபேன், பழச்சாறு பிழியும் கருவி, வாக்குப்பதிவு இயந்திரம் என்று அவர் செய்து காட்டியவை ஏராளம். 5 வால்வு ரேடியோவை 70 ரூபாய்க்குத் தர முடியும் என்று 1941-லேயே அறிவித்தார். 1952-ல் இரண்டு பேர் உட்காரும் பெட்ரோல் காரைத் தயாரித்தார். விலை 2,000 ரூபாய்தான். ஆனால் அதைத் தொடர்ந்து உற்பத்தி செய்ய அரசின் லைசென்ஸ் கிடைக்கவில்லை. கார் அதோடு நின்றது.

படிப்பு விஷயத்திலும் அவருக்கு இதே அனுபவம்தான். 1945-ல் அவருடைய முயற்சியிலும் நன்கொடையிலும் கோவையில் ஆர்தர் ஹோப் பெயரில் தொழில்நுட்பக் கல்லூரிகள் வந்தன. பீளமேட்டில் இன்றும் ஹோப்ஸ் காலேஜ் என்று பஸ் ஸ்டாப் இருப்பது அதன் அடையாளம். நாலு வருட இன்ஜினீயரிங் படிப்பு தேவையே இல்லை, இரண்டு வருடத்தில் கையால் வேலை செய்து கற்றுக்கொள்ளலாம் என்பது நாயுடுவின் கட்சி. அன்றைய அரசு ஏற்கவில்லை. அவர் பொறுப்பிலிருந்து விலகிக்கொண்டார்.

ஒரு கருவியைச் செய்து காட்டுவது வேறு, ஆயிரக்கணக்கில் தயாரித்து ஊர் ஊராக விற்பது வேறு. முதலாவதை நாயுடுவின் திறமையே பார்த்துக்கொண்டது. இரண்டாவதுக்கு அனுமதி, மூலப்பொருள், பயிற்சி பெற்ற ஆட்கள் என்று எல்லாமே கூடிவரணும். அது அவருக்கு முழுசாக அமையவில்லை. 1974 ஜனவரி 4-ம் தேதி அவர் காலமானார். 'ரேஸன்ட்' என்ற பெயர் இன்று எந்தக் கடையிலும் இல்லை.

தென்காசி பக்கம் இப்போ என்ன நிலவரம்?

ஸோஹோ ஆதரவில் 'கருவி' என்ற பவர் டூல் நிறுவனம் தென்காசி வட்டாரத்திலிருந்தே இயங்குகிறது. குற்றாலத்துக்குப் பக்கத்திலேயே டிரில்லிங் மிஷின் உருவாகிறது என்பது பத்து வருடத்துக்கு முன் யாரும் நினைக்காத விஷயம். ஆனால் லித்தியம் செல்லுக்கு இந்தியா இன்னும் பெரும்பாலும் இறக்குமதியைத்தான் நம்பியிருக்கிறது. உள்ளூரில் உடனே கைவைக்கக்கூடிய இடம், நாயுடு கைவைத்த அதே மோட்டார் பக்கம்தான்.

வாங்கும்போது எதைப் பார்க்கணும்?

* தலைக்கு மேல வேலை அதிகம்னா 5 செல் உள்ள 2 ஏ.எச். பாட்டரி போதும். பெரிய பாட்டரி ஒன்றுக்குப் பதில் சின்னது இரண்டு வைத்துக்கொண்டால், ஒன்று சார்ஜ் ஏறும்போது இன்னொன்றில் வேலை ஓடும்.

* கட்டிங் மிஷின், ஹேமர் டிரில் போன்றவை கரன்ட்டை ஒரேயடியாக இழுக்கும். அதுக்கு 10 செல் பாட்டரிதான் தாங்கும். அங்கே எடை பார்த்தால் ஆகாது.

* பட்ஜெட் இடம் கொடுத்தால் பிரஷ்லெஸ் மிஷினையே எடுக்கலாம்.

* சூடாக இருக்கும் பாட்டரியைக் கழற்றிய உடனே சார்ஜில் போட வேண்டாம். ஆறவிட்டுப் போட்டால் ஆயுசு கூடும்.

கோவை அவிநாசி சாலையில் 10.1 கிலோமீட்டர் நீளத்துக்குக் கட்டி, 2025 அக்டோபரில் திறந்த மேம்பாலத்துக்கு ஜி.டி.நாயுடுவின் பெயரைத்தான் அரசு சூட்டியிருக்கிறது. அதே சாலையில் அவர் பெயரில் அருங்காட்சியகமும் இருக்கிறது. கோவைப் பக்கம் போகிறவர்கள் ஒரு மணி நேரம் ஒதுக்கினால் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வரலாம்.