முட்டாள் தொப்பிக்குப் பின்னால் ஒரு மேதை

படிப்பில் மந்தமான மாணவரை ஆங்கிலத்தில் 'டன்ஸ்' என்பார்கள். கூம்பு வடிவக் காகிதத் தொப்பி அணிந்து வகுப்பறை மூலையில் நிற்கும் சிறுவனின் பழைய படத்தை நீங்களும் பார்த்திருக்கலாம். அந்தச் சொல் ஒரு மனிதரின் பெயரிலிருந்து வந்தது என்று அறிந்தபோது எனக்கு வியப்பாக இருந்தது. அவர் மந்தமானவர் அல்லர். இடைக்கால ஐரோப்பாவின் மிகக் கூர்மையான சிந்தனையாளர்களில் ஒருவர். அவர் பெயர் ஜான் டன்ஸ் ஸ்கோட்டஸ்.

1266ஆம் ஆண்டுவாக்கில் ஸ்காட்லாந்தின் டன்ஸ் என்ற ஊரில் பிறந்தார். ஊரும் நாடும் சேர்ந்தே அவர் பெயராயின. இளமையிலேயே பிரான்சிஸ்கன் துறவற சபையில் சேர்ந்த அவர், 1291இல் குருவானார். ஆக்ஸ்ஃபோர்டில் பயின்றபின், 1302இல் பாரிஸ் பல்கலைக்கழகத்தில் இறையியல் விரிவுரை ஆற்றத் தொடங்கினார்.

மறு ஆண்டே சோதனை வந்தது. பிரான்ஸ் மன்னர் நான்காம் பிலிப்புக்கும் போப்பாண்டவர் எட்டாம் போனிஃபேஸுக்கும் கடும் மோதல். மன்னரின் பக்கம் நிற்குமாறு துறவிகள் வற்புறுத்தப்பட்டனர். ஸ்கோட்டஸ் மறுத்தார். மறுத்தவர்கள் மூன்று நாட்களுக்குள் நாட்டைவிட்டு வெளியேற வேண்டும் என்று ஆணை பிறந்தது. பட்டம் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தும் அவர் கொள்கையை விடவில்லை. அடுத்த ஆண்டு திரும்ப அனுமதி கிடைத்தது, 1305இல் முனைவரானார்.

அவருடைய சிந்தனைகளில் என்னை மிகவும் கவர்ந்தது ஒன்று. உருவத்தில் ஒத்த இரட்டையரை நினைத்துப் பாருங்கள். இருவரும் மனிதர்களே. அப்படியானால் இவரை இவராகவும் அவரை அவராகவும் ஆக்குவது எது? உடலின் பருப்பொருள்தான் என்பது அவருக்கு முந்தைய அறிஞர் தாமஸ் அக்குவைனஸின் விடை. ஸ்கோட்டஸ் அதை ஏற்கவில்லை. ஒவ்வொன்றுக்கும் அதற்கே உரிய, வேறெதற்கும் இல்லாத ஒரு தனித்தன்மை உண்டு என்று வாதிட்டார். லத்தீனில் இது 'ஹெக்சீட்டாஸ்' எனப்படுகிறது. 'இதுவாக இருக்கும் தன்மை' என்று தமிழில் சொல்லலாம்.

1307இல் ஜெர்மனியின் கொலோன் நகருக்கு அனுப்பப்பட்ட அவர், 1308 நவம்பர் 8ஆம் தேதி காலமானார். வயது ஏறக்குறைய 42தான். அவர் வழி வந்தவர்கள் 'ஸ்கோட்டிசம்' என்ற சிந்தனைப் பள்ளியை வளர்த்தனர். பல நூற்றாண்டுகள் அது அக்குவைனஸின் பள்ளிக்கு இணையாக நின்றது.

16ஆம் நூற்றாண்டில் காற்று திசை மாறியது. புதிய கல்வியை விரும்பியவர்களும் சமயச் சீர்திருத்தவாதிகளும், ஸ்கோட்டஸின் நுணுக்கமான தர்க்கத்தை வீண் தலைமுடிப் பிளப்பு என்று ஏளனம் செய்தனர். 1535இல் ஆக்ஸ்ஃபோர்டில் அவருடைய நூல்களின் ஏடுகள் கிழிக்கப்பட்டுக் காற்றில் பறந்தன. 'டன்ஸ்' வழியினர் என்ற பெயரே புதியதைக் கற்க மறுப்பவரைக் குறிக்கும் வசையானது. பின்னர் அது முட்டாளைக் குறித்தது.

ஆனால் கருத்துகள் அழியவில்லை. மரியன்னை பிறப்புநிலைப் பாவமின்றிக் கருவானார் என்ற நம்பிக்கைக்கு ஸ்கோட்டஸ் வலுவான வாதம் தந்திருந்தார். 1854இல் கத்தோலிக்கத் திருச்சபை அதைக் கோட்பாடாக அறிவித்தது. 1993இல் போப்பாண்டவர் இரண்டாம் ஜான் பால் அவருடைய அருளாளர் நிலையை உறுதிப்படுத்தினார்.

மாணவர்களே, ஒருவரை ஒரே சொல்லில் அடக்கிவிடுவது எளிது. ஒவ்வொருவருக்கும் தனித்தன்மை உண்டு என்று கற்பித்தவரின் பெயரையே உலகம் ஒரு முத்திரையாக்கிவிட்டது. அடுத்த முறை யாரையேனும் 'மக்கு' என்று அழைக்க நாக்கு எழும்போது, ஸ்கோட்டஸை நினைத்துக்கொள்ளுங்கள்.