நாவலர் பெருமான் காட்டிய வாயில் நெறி

இல்வாழ்வானுக்கு வாயில் என்பது சுவரிடைத் திறந்த வெறும் வழியன்று. உற்றாரும் விருந்தினரும் இரவலரும் வந்து நிற்கும் இடம் அது. வந்தாரை முகமலர்ந்து ஏற்றலும், ஏற்றற்கு இயலாதவிடத்து இன்சொற் கூறி விடுத்தலும் இல்வாழ்வானுக்குரிய கடமைகள். வருவார்க்கும் கடமை உண்டு. காலமும் இடமும் அறிந்து வருதல், அகத்தார் குறிப்பறிந்து நிற்றல், விடைகொடுத்தவழி விரைந்து நீங்குதல் என்பன அவை. சமயம் போதிக்கப் புகுவார்க்கு இக்கடமை பின்னும் மிகுதியாம்.

கோவளம் தொடங்கி மாமல்லபுரங்காறும் கிடக்கும் கடற்கரையூர்களை நோக்குக. கோவளத்தில் கார்மேல் அன்னையின் தேவாலயமும் தமீம் அன்சாரி தர்காவும் உள்ளன. பல சமயத்தார் நெருங்கி வாழும் ஊர் அது. மீன்பிடிப்போர் விடியற்போதிற் கடலின்மேற் சென்றபின் இல்லங்களில் எஞ்சியிருப்போர் பெரும்பாலும் மகளிரும் முதியோரும் சிறாருமே. அப்போது ஒருவர் கையிற் சிறு நூல்களோடு வந்து கதவைத் தட்டி, நும் தெய்வம் தெய்வமன்று என்று பேசத் தொடங்குவாராயின், அவரை எங்ஙனம் ஏற்பது? எங்ஙனம் விடுப்பது? அவர் செயலுக்கு மாறு செய்வதாயின் அதனை எவ்வாறு செய்வது? இவ்வினாக்களுக்குத் தம் வாழ்க்கையையே விடையாக வைத்துச் சென்றவர் யாழ்ப்பாணத்து நல்லூர் ஆறுமுக நாவலர் ஆவர்.

நாவலர் 1822ஆம் ஆண்டு டிசம்பர் 18ஆம் நாள் நல்லூரிற் கந்தப்பிள்ளைக்கும் சிவகாமி அம்மையாருக்கும் புதல்வராகத் தோன்றினார். இளமையிலேயே தந்தையாரை இழந்தார். சேனாதிராச முதலியார், சரவணமுத்துப் புலவர் என்னும் புலவர்களிடத்துத் தமிழ் இலக்கண இலக்கியங்களைக் கற்றார். ஆங்கிலக் கல்வியின் பொருட்டு வெசிலியன் சங்கத்தார் நடாத்திய பாடசாலையிற் சேர்ந்தார். அதன் தலைவராகிய பேர்சிவல் பாதிரியார் இவரது புலமையைக் கண்டு வியந்து, அப்பாடசாலையிலேயே ஆசிரியராக்கினார். பின்னர் விவிலிய நூலைத் தமிழில் மொழிபெயர்க்கும் பணிக்குத் துணையாகவும் கொண்டார். நாவலர் நெற்றியில் நீறணிந்த சைவராகவே யிருந்து அப்பணியைச் செய்தார். அம்மொழிபெயர்ப்பு 1850இல் வெளிவந்தது. தமக்கு உடன்பாடில்லாத நூலாயினும், ஏற்றுக்கொண்ட பணியைப் பழுதறச் செய்த நேர்மை ஈண்டு நினைக்கற்பாலது. பாதிரியாரும் தம் துணைவரது சமயத்தை மாற்றிய பின்னரே அவரைக் கொள்வேன் என்று கருதினாரல்லர்.

அக்காலத்து யாழ்ப்பாணத்தின் நிலை யாது? வெசிலியன் சங்கத்தார் 1814இலும் அமெரிக்கச் சங்கத்தார் 1816இலும் இலங்கை சேர்ந்தனர். ஊர்தோறும் பள்ளிகள் எழுந்தன; 1823இல் வட்டுக்கோட்டையிற் பெரிய கல்லூரி அமைந்தது. அவர்களால் விளைந்த கல்விப் பயனும் மருத்துவப் பயனும் மறைத்தற்குரியன அல்ல. ஆயினும் போதகர்கள் தெருத்தெருவாகவும் வீடுவீடாகவும் சென்று சிறு நூல்களை வழங்கினர். திருவிழாக்களுக்குக் கூடிய மக்களிடையே நின்று அவர்தம் தெய்வத்தையே இகழ்ந்தனர். சைவப் பெற்றோர் தம் மக்களுக்கு எழுத்தறிவு வேண்டிப் பள்ளிக்கு விடுப்பர். கல்வியும் உத்தியோகமும் மதமாற்றத்தோடு பிணைக்கப்படுதலைக் கண்டு வருந்துவர். எதிர்வாதம் செய்யவும் அறியார். வந்தவரைப் போகச் சொல்லவும் கூசுவர். விருந்தோம்பும் பண்பே அவர்க்கு விலங்காயிற்று.

இந்நிலையிற் பலரும் நினைக்கக்கூடிய மாற்று ஒன்றுண்டு. அவர் எம் வீட்டிற்கு வந்தனராதலின் யாமும் அவர் வீட்டிற்குச் செல்வேம். அவர் எம் தெருவில் நின்று இகழ்ந்தனராதலின் யாமும் அவர் ஆலயத்தின்முன் நின்று இகழ்வேம் என்பதே அது. நாவலர் அதனை முதன்மையாகக் கொள்ளவில்லை. 1847ஆம் ஆண்டு டிசம்பர் 31ஆம் நாள் வண்ணார்பண்ணைச் சிவன்கோயிலிற் பிரசங்கம் தொடங்கினார். அது வெள்ளிக்கிழமைதோறும் நடந்து வந்தது. பிரசங்கம் என்னும் முறையை அவர் பாதிரியாரிடத்தே கண்டு கொண்டார் என்பது வெளிப்படை. ஆயின் அதனை நிகழ்த்தும் இடத்தை மாற்றினார். கேட்க விரும்புவோன் தானே நடந்து வருவான், விரும்பாதோன் வாரான், நடுவே எழுந்து போவானைத் தடுப்பாரும் இலர். இவ்வொரு மாற்றத்தினாலே கேட்போனது உரிமை காக்கப்பட்டது.

1848இல் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். அவ்வாண்டிலேயே பேர்சிவல் பாதிரியாரது பாடசாலைப் பணியையும் விட்டு நீங்கினார். கல்வி வேண்டுவார்க்குத் தம் சமயத்தை விலையாகக் கேளாத பள்ளி ஒன்று தோன்றிய பின்னரன்றோ, வீட்டுவாயிலில் வந்து நிற்பார்க்கு வேண்டா என்று கூறும் துணிவு ஏழைக்கு உண்டாம்! வறுமையும் அறியாமையும் உள்ளவழி மறுத்தற்குரிமை பெயரளவே. இதனை நாவலர் நன்குணர்ந்திருந்தார். இல்லறம் புகாது, தம் வாழ்நாள் முழுதையும் அப்பணிக்கே ஈந்தார். 1849இல் அச்சியந்திரம் வாங்குதற்பொருட்டுத் தமிழகம் போந்தபோது, திருவாவடுதுறை ஆதீனத்தார் அவரது சொல்வன்மை கண்டு நாவலர் என்னும் பட்டம் அளித்தனர். பின்னர்ச் சென்னையிலும் அச்சுக்கூடம் அமைத்தார். 1864இற் சிதம்பரத்திலும் சைவப்பிரகாச வித்தியாசாலை நிறுவினார்.

அவர் வசனநடையில் வெளியிட்ட பெரியபுராணம் ஈண்டு நினைக்கத்தக்கது. அதன்கண் சிறுத்தொண்ட நாயனார் சரிதத்தில், வைரவக் கோலங்கொண்டு இறைவன் வாயிலில் வந்து நிற்கின்றான். நாயனார் இல்லில் இல்லை. அகத்துள்ள மகளிர் அன்போடு உள்ளே எழுந்தருள வேண்டுகின்றனர். அவனோ மகளிர் தனித்திருக்கும் இல்லத்துட் புகுதற்கு இசையாது, கணபதீச்சரத்து ஆத்தியின்கீழ் இருப்பதாகக் கூறி நீங்குகின்றான். எவ்விடத்தும் நிறைந்த முதல்வனே அழைத்தவிடத்தும் புகாது நின்றான் எனின், அழையாதவிடத்துப் புகும் மானிடர்க்கு யாது நியாயம்? கடற்கரையிலும் வயற்புறத்திலும் ஆடவர் தொழின்மேற் சென்ற வேளை பார்த்துக் கதவு தட்டுவோர் எச்சமயத்தவராயினும் இதனைச் சிந்திப்பாராக.

நாவலரது சொல் மென்மையே உடையது என்று யாம் கூறவில்லை. 1854இல் வெளிவந்த சைவதூஷண பரிகாரம் முதலிய கண்டனங்களில் அவரது எழுத்து வாள்போல் வெட்டும். சைவருள் ஒழுக்கம் தவறியோரையும் கோயிலதிகாரிகளையும் அது விட்டதில்லை. அக்கடுமை சிலவிடத்து மிகையென்பாரும் உளர். அது முற்றும் தவறென்று கூறற்கில்லை. ஆயினும் ஒரு வேறுபாடு நோக்கற்பாலது. கண்டன நூல் வேண்டுவோன் வாங்கிப் படிப்பான், வேண்டாதோன் மூடிவைப்பான், மறுக்க வல்லான் மறுநூல் எழுதுவான். நோயாளி கிடக்கும் வீட்டிலோ, சாவு நிகழ்ந்த வீட்டிலோ வந்தமர்ந்து பேசுவானை அங்ஙனம் மூடிவைத்தல் இயலாது. கற்றாரிடை நிகழும் வாதம் வேறு. கல்லாதானைத் தனித்துப் பிடித்து மயக்குதல் வேறு.

வாழ்நாளின் இறுதியில், 1876ஆம் ஆண்டையடுத்து யாழ்ப்பாணத்திற் பஞ்சமும் கொள்ளைநோயும் பரவின. நாவலர் பொருள் தண்டிக் கஞ்சித்தொட்டி அமைத்துப் பசித்தார்க்குக் கஞ்சி வார்ப்பித்தார். 1879இற் சட்டநிரூபண சபைக்குப் பொன்னம்பலம் இராமநாதன் தெரிவு செய்யப்படுதற்குத் துணைநின்றார். அவ்வாண்டு டிசம்பர் 5ஆம் நாள் சிவனடி சேர்ந்தார்.

இச்சரிதத்தால் யாம் கொள்ளத்தக்கன சில. போதிப்பான் கேட்பான் வேண்டியவழியே போதிக்க. வேண்டாவென்ற சொல்லை முதன்முறை கேட்டபோதே எழுந்து நீங்குக. ஒருவன் நிழலில் அமர்ந்து அவன் தெய்வத்தை இகழற்க. பெற்றோர் அறியாது சிறாரிடம் பேசற்க. உணவும் மருந்தும் கல்வியும் கொடுப்பின் அவற்றுக்கு ஈடாக ஒன்றனை வேண்டற்க. இல்லத்தானோ வந்தவரை ஒறுத்தலும் வைதலும் செய்யாது, தண்ணீர் வேண்டின் கொடுத்து, தன் கருத்தைத் தெளிவாக ஒருமுறை கூறி விடைகொடுக்க. அதன்பின்னும் நில்லாநின்றாரை விடுத்துக் கதவடைத்தல் விருந்தோம்பற்கு இழுக்காகாது.

இந்நெறி பிறர்க்கு மட்டும் உரியதன்று. ஆர்வமிகுதியால் நம்மவரும் நோட்டீசு ஏந்திப் பிறர் வாயிலில் நிற்கும் காலம் இது. பக்குவம் நோக்கி அருளுதலே ஆசிரியற்கு இலக்கணம் எனக் கொண்ட சித்தாந்த சைவர், தம் ஊர்க்கோயிலில் வாரம் ஒருநாள் நல்ல பிரசங்கமும், ஏழைச் சிறார்க்கு நல்ல கல்வியும் நிகழுமாறு செய்வாராயின், வாயில்தோறும் செல்லவேண்டுவது இல்லை. நாவலர் தொடங்கிய வெள்ளிக்கிழமைப் பிரசங்கம் நம்மூர்க் கோயில்களில் எத்தனையில் நடக்கின்றது என்பதை அன்பர்கள் எண்ணிப் பார்ப்பார்களாக.

சிவம்.